புதிதாகப் புறா வளர்ப்பவர்களுக்கு: உடல்மொழியையும் உடல்நலத்தையும் புரிந்துகொள்ளும் வழி

புறா வளர்க்கத் தொடங்கிய எல்லோருக்கும் சீக்கிரமே வரும் சந்தேகம் இது: "இறகையெல்லாம் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே, உடம்பு சரியில்லையா?" நேரமும் இடமும் தெரிந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். சாயங்காலம் நன்றாகத் தின்றுவிட்டு, உயரமான கழியில் ஒற்றைக் காலில் நின்றபடி உப்பியிருந்தால் அது நிம்மதியாக இருக்கிறது. காலை பத்து மணிக்குத் தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கூண்டின் தரையில் இரண்டு காலையும் ஊன்றி அதே மாதிரி உப்பியிருந்தால் கவலைப்பட வேண்டும். ஒரு அசைவுக்கு ஒரே அர்த்தம் என்று மனப்பாடம் செய்வதால் பயனில்லை. உங்கள் புறாவின் வழக்கம் என்ன, அதிலிருந்து அது எப்போது விலகுகிறது என்பதைப் பார்க்கப் பழக வேண்டும்.

கீழே சொல்லப்போவது கழுத்தில் கருவளையம் உள்ள ரிங்நெக் புறா, அதன் வெள்ளை நிற வகை, உருவத்தில் சின்னதான டயமண்ட் புறா ஆகியவற்றை மனதில் வைத்து எழுதியது. மாடப்புறாவுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: வழக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

புறா வேட்டையாடப்படும் பறவை. சோர்ந்து தெரிந்தால் பருந்தின் கண் முதலில் தன் மேல்தான் விழும் என்பது அதன் ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது. அதனால் நோயை முடிந்தவரை மறைக்கும். நீங்கள் அறைக்குள் நுழைந்ததும் இறகைப் படிய வைத்து, நிமிர்ந்து நின்று, ஒன்றுமே இல்லாதது போல் காட்டும். வெளியே வந்து கதவிடுக்கில் பார்த்தால் மறுபடி குறுகிக் கண்ணை மூடியிருக்கும். அதனால் தூரத்திலிருந்து, அதற்குத் தெரியாமல் பார்ப்பதுதான் சரியான பார்வை. செல்போனைக் கூண்டுக்கு எதிரே வைத்து அரை மணி நேரம் வீடியோ எடுத்தாலும் போதும்.

வந்த முதல் இரண்டு வாரம் தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். எப்போது விழிக்கிறது, எப்போது தின்கிறது, பிடித்த கழி எது, ஒரு நாளில் எவ்வளவு தீனி குறைகிறது, எப்போது குனுகுகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பின்னால் ஏதாவது சந்தேகம் வரும்போது இந்தக் குறிப்பு எந்தப் புத்தகத்தையும்விட உதவும்.

புது இடத்தில் முதல் ஓரிரு நாள் புறா அசையாமல், சத்தமில்லாமல், கொஞ்சமாகத் தின்றுகொண்டு இருப்பது சகஜம். ஆனால் ஒரு முழு நாள் எதுவுமே தின்னவில்லை என்றால் அதைக் கூச்சம் என்று விட்டுவிடக் கூடாது. சின்ன உடம்பு, பட்டினி தாங்காது.

இரண்டாம் படி: நிற்பதையும் உட்காருவதையும் பாருங்கள்

நிம்மதியான புறா கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, லேசாக உப்பி நிற்கும். கோழியைப் போல முதுகு இறகுக்குள் தலையைச் செருகித் தூங்குவது புறாவின் பழக்கம் இல்லை. தலையை நேரே வைத்து, மார்பு இறகில் அலகு புதையும்படிதான் தூங்கும். தூங்கி எழுந்ததும் ஒரு பக்க இறக்கையையும் அதே பக்கக் காலையும் சேர்த்துப் பின்னால் நீட்டிச் சோம்பல் முறிக்கும். அப்புறம் இரண்டு இறக்கையையும் முதுகுக்கு மேலே தூக்கி மடக்கும். இறகு கோதி முடித்து உடம்பை ஒரு உதறு உதறினால் வெள்ளைத் தூள் பறக்கும். அந்தத் தூள் ஆரோக்கியமான இறகின் அடையாளம்.

தின்று முடித்ததும் கழுத்தை நீட்டி வாயை அகலத் திறந்து கொட்டாவி போல ஒன்று விடும். தின்ற தானியம் முதலில் தங்கும், கழுத்தடியில் உள்ள தீனிப்பையில் அதைச் சரிசெய்துகொள்கிறது, அவ்வளவுதான். எப்போதாவது ஒரு தடவை என்றால் கவலையில்லை. திரும்பத் திரும்பச் செய்தால், கூடவே தலையை உதறினால், தொண்டையில் ஏதோ இருக்கிறது.

புதியவர்களை அதிகம் பயமுறுத்துவது குளியல்தான். ஸ்பிரே பாட்டிலில் தண்ணீரை மெல்லத் தூவிப் பாருங்கள். முதலில் கண்ணைச் சிமிட்டும். பிறகு உடம்பை ஒரு பக்கமாகச் சாய்க்கும், கிட்டத்தட்ட விழுந்துவிடும் அளவுக்கு. எதிர்ப்பக்க இறக்கையை நேராக மேலே தூக்கி, அதன் அடிப்பக்கம் நனையும்படி பிடித்துக்கொண்டு அப்படியே கிடக்கும். கொஞ்ச நேரம் கழித்து மறுபக்கம் திரும்பி அடுத்த இறக்கை. மழையில் புறா குளிப்பது இப்படித்தான். வெயில் காயும்போதும் இதே சாய்வு, இதே விரிப்பு. முதல் தடவை பார்ப்பவர்கள் வலிப்பு வந்துவிட்டது என்று பதறிவிடுகிறார்கள். எனக்கோ புறா வளர்ப்பில் இதைவிட அழகான காட்சி இல்லை.

பயந்த புறா இதற்கு நேர் எதிர். இறகெல்லாம் உடம்போடு ஒட்டி, கழுத்து நீண்டு, உருவமே பாதியாகி, சிலை மாதிரி உறைந்து நிற்கும். தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் மேலே பார்த்தால், தலைக்கு மேல் எதையோ கண்டு அஞ்சுகிறது: சுழலும் மின்விசிறியாக இருக்கலாம், ஜன்னலுக்கு வெளியே பறந்த பறவையாக இருக்கலாம். அந்த நேரத்தில் கையை நீட்டாதீர்கள். சட்டென்று பிடித்தால் வால் இறகு கொத்தாக உங்கள் கையில் வந்துவிடும். எதிரியின் வாயில் இறகை விட்டுவிட்டுத் தப்பிக்கப் புறாவுக்கு இயற்கை கொடுத்த வழி அது. இறகு திரும்ப முளைத்துவிடும், ஆனால் உங்கள் மேல் வைத்த நம்பிக்கை திரும்ப நாளாகும்.

ராத்திரி இருட்டில் திடீரென்று கூண்டுக்குள் படபடவென்று அடித்துக்கொள்வதும் பயம்தான். நிழலோ சத்தமோ பட்டிருக்கும். கூண்டின் அருகே மங்கலான விளக்கு ஒன்று எரிந்தால் இது பெரும்பாலும் குறைந்துவிடும். மறுநாள் காலையில் இறக்கை நுனியிலும் அலகுக்கு மேலேயும் காயம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நீங்கள் நெருங்கும்போது ஒரு இறக்கையை மட்டும் தூக்கி உறுமினால், "இன்னும் பக்கத்தில் வந்தால் அடிப்பேன்" என்று பொருள். சொன்னபடி இறக்கையால் அடிக்கவும் செய்யும். முட்டை அல்லது கூடு இருக்கும் நேரத்தில் இது அதிகம். வலிக்காது, கையை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் பொறுத்துப் போங்கள்.

மூன்றாம் படி: குரலைக் கேளுங்கள்

தலையைத் தாழ்த்தித் தாழ்த்தி நிமிர்ந்து குனுகினால் அது காதல் அழைப்பு, அல்லது இன்னொரு ஆணுக்கு விடும் சவால். இதை அதிகம் செய்வது ஆண். ரிங்நெக் புறாவிடம் சிரிப்பு போலவே ஒலிக்கும் ஒரு குரலும் உண்டு. கழியில் வந்து இறங்கும்போதும், பிடித்தவரைப் பார்க்கும்போதும் அதைக் கேட்கலாம்.

மூலையில் போய்த் தலையைக் கவிழ்த்து, வாலைத் தூக்கி, இறக்கை நுனிகளை மட்டும் துடிதுடிக்க விட்டுக்கொண்டு நீளமாகக் குனுகினால் அது கூடு கட்ட இடம் பார்க்கிறது. ஆணும் செய்யும், பெண்ணும் செய்யும். உங்கள் உள்ளங்கையிலேயே இதைச் செய்தால் உங்களைத் துணையாக எடுத்துக்கொண்டது என்று அர்த்தம். இறக்கை துடிப்பதைப் பார்த்துக் குளிர் நடுக்கம் என்று நினைக்க வேண்டாம்.

குனுகுவதை மட்டும் வைத்து ஆண், பெண் என்று முடிவு செய்யாதீர்கள். இரண்டு பெண் புறாக்கள் ஜோடி சேர்ந்தால் ஒன்று ஆண் மாதிரியே நடந்துகொள்ளும். கூட்டில் இரண்டுக்குப் பதில் நான்கு முட்டை வந்த பிறகுதான் விஷயம் தெரியவரும். தனியாக வளரும் பெண் புறாவும் முட்டை இடும். முட்டையை உடனே எடுத்துவிட்டால் மறுபடி இட்டு, உடம்பிலுள்ள கால்சியம் தீர்ந்துபோகும். அதனால் அசல் முட்டைக்குப் பதில் பிளாஸ்டிக் முட்டை வைத்து, அதுவாக அலுத்து எழும் வரை அடை உட்கார விடுவது நல்லது. சாதாரண அடைகாலமே 14 நாள் சுமார்தான்.

நல்ல ஜோடியில் ஒன்றின் கழுத்து இறகை மற்றொன்று கோதிவிடும். அலகுக்குள் அலகை வைத்து ஊட்டிவிடும். முட்டையிடும் நேரம் நெருங்கினால் ஆண் பெண்ணை விரட்டிக் கூட்டுக்கு அனுப்புவதும் உண்டு. தலையில் இறகு போய் ரத்தம் தெரிந்தாலோ, பெண்ணைத் தின்னவே விடாமல் துரத்தினாலோ பிரித்து வையுங்கள்.

நான்காம் படி: எச்சத்தைப் படியுங்கள்

புறாவின் உடல்நிலையைத் தினமும் தெரிந்துகொள்ள இதைவிட எளிதான வழி கிடையாது. ராத்திரி தூங்கும் கழிக்கு நேர் கீழே அச்சில்லாத வெள்ளைத் தாளை விரித்து, காலையில் பாருங்கள்.

நல்ல எச்சத்தில் மூன்று பகுதி இருக்கும். பழுப்பும் பச்சையும் கலந்த, சுருண்ட, கொஞ்சம் கெட்டியான பகுதி மலம். அதன் மேல் தொப்பி போல இருக்கும் வெள்ளைப் பகுதியும், சுற்றிலும் தாளில் ஊறியிருக்கும் தெளிந்த நீரும் சிறுநீரகத்திலிருந்து வருபவை. குளித்த பிறகும், அதிகம் தண்ணீர் குடித்த பிறகும், பயந்த பிறகும் நீர்ப்பகுதி கூடும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் பழையபடி ஆகிவிட்டால் விட்டுவிடலாம்.

அடை உட்காரும் புறா கூட்டை அழுக்காக்காமல் நெடுநேரம் அடக்கிவைத்து, ஒரே தடவையில் பெரிதாக, தாங்க முடியாத நாற்றத்தோடு இடும். இது நோய் இல்லை.

கெட்டிப் பகுதியே இல்லாமல் கரும்பச்சை வழவழப்பு மட்டும் இருந்தால் புறா தின்னவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். தட்டில் தீனி குறைந்த மாதிரி தெரிந்தாலும் சரி. சில சமயம் அலகால் கிளறிச் சிதறடித்துவிட்டு ஒன்றையும் விழுங்காமல் இருக்கும். வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ பளிச்சென்ற பச்சையாகவோ மாறினால் கல்லீரல் பாதிப்பைச் சந்தேகிக்க வேண்டும். தானியம் செரிக்காமல் அப்படியே வந்தாலும், ரத்தம் தெரிந்தாலும், ஒரு நாளுக்கு மேல் கழிச்சல் நீடித்தாலும் மருத்துவரிடம் போங்கள். போகும்போது அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள்.

ஐந்தாம் படி: வாரம் ஒரு முறை கையில் எடுங்கள்

முதலில் பிடிக்கும் முறை. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. மார்பை இறுக்கிப் பிடித்தால் மூச்சு நின்றுவிடும். உள்ளங்கையை அடியில் கொடுத்து, இறக்கைகளை உடம்போடு சேர்த்து, மென்மையாகப் பிடியுங்கள்.

கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும். காலையில் தீனி வைக்கும் முன் எடை பாருங்கள். ரிங்நெக் புறா சுமார் 150 கிராம் இருக்கும். டயமண்ட் புறா 40 கிராமுக்குள்தான். ஆனால் பொதுக் கணக்கைவிட உங்கள் புறாவின் போன வார எடைதான் முக்கியம். பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அதாவது 150 கிராம் பறவை 135-க்கு இறங்கினால், வெளியே எந்த அறிகுறியும் தெரியாவிட்டாலும் அதற்கு உடம்பு சரியில்லை. இறகு எல்லாவற்றையும் மூடி மறைக்கும், தராசிடம் எதையும் மறைக்க முடியாது.

மார்பின் நடுவே ஓடும் எலும்பைத் தடவிப் பாருங்கள். இரு பக்கமும் சதை உருண்டிருக்க, நடுவில் எலும்பு லேசாகத் தட்டுப்பட வேண்டும். கத்தி முனை போல் கூராகத் தெரிந்தால் மெலிந்துவிட்டது. எலும்பே கைக்குத் தட்டுப்படாவிட்டால் கொழுப்பு ஏறிவிட்டது.

கழுத்தடியில் உள்ள தீனிப்பை சாயங்காலம் நிறைந்து, தானியம் நறநறவென்று கைக்குத் தெரியும். காலையில் காலியாக இருக்க வேண்டும். விடிந்த பிறகும் தொளதொளவென்று நீர் நிறைந்து, வாயில் புளித்த வாடை வந்தால் செரிமானம் நின்றுபோயிருக்கிறது.

கண் அகலத் திறந்து, ஈரக்கசிவு இல்லாமல் இருக்க வேண்டும். மூக்குத் துளை காய்ந்திருக்க வேண்டும். தூள் ஏறி எப்போதாவது தும்முவது சாதாரணம். மூக்கோரம் இறகு ஒட்டிப்போயிருந்தால் சாதாரணம் இல்லை. வாலடியில் எச்சம் ஒட்டியிருக்கக் கூடாது. கால் விரலில் நூலோ தலைமுடியோ சுற்றியிருக்கிறதா என்று ஒவ்வொரு விரலாகப் பாருங்கள். ஒரு முடி போதும், விரல் கறுத்து விழுந்துவிடும்.

இறகு ஆண்டுக்கு ஒரு முறை உதிர்ந்து புதிதாக முளைக்கும். அந்தச் சில வாரம் புறா சிடுசிடுப்பாக இருக்கும், தலை முழுக்க முள் முள்ளாகத் தெரியும். ஆனால் வழுக்கையாகத் தோல் தெரியும்படி உதிராது. அப்படித் தெரிந்தால் ஜோடிப் புறா கொத்துகிறதா, உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு உண்ணி பகலில் கூண்டின் இடுக்கில் ஒளிந்துகொண்டு ராத்திரியில்தான் ரத்தம் குடிக்க வரும். இரவில் கூண்டை வெள்ளைத் துணியால் போர்த்தி, விடிகாலையில் துணியின் உட்புறத்தைப் பார்த்தால் புள்ளி புள்ளியாக நகர்வது தெரியும்.

ஆறாம் படி: காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

மூச்சுத் திணறல் எல்லாவற்றுக்கும் முதலில் வருகிறது. வெயில் நேரத்தில் வாயைத் திறந்து, இறக்கையை உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினால் அது சூடு. நிழலும் காற்றும் கொடுத்தால் அடங்கிவிடும். குளிர்ச்சியான அறையில், சும்மா உட்கார்ந்திருக்கும்போது வாய் திறந்திருந்தாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அடுப்பில் நான்-ஸ்டிக் பாத்திரம் தீய்ந்தால் வரும் புகை பறவையை நிமிடங்களில் கொல்லும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சமையலறைப் பக்கம் கூண்டு வேண்டாம்.

பெண் புறா தரையில் உப்பி உட்கார்ந்து, வால் அடிக்கடி அசைய முக்கிக்கொண்டிருந்தால் முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடலாம். முட்டையை நீங்களே அமுக்கி வெளியேற்றப் பார்க்காதீர்கள், உள்ளே உடைந்தால் நிலைமை மோசமாகிவிடும். கால்சியம் குறைவுதான் இதற்கு முக்கியக் காரணம். சிப்பித் தூள் எப்போதும் கூண்டில் இருக்கட்டும். நேரடி வெயிலும் கொஞ்சம் படட்டும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் வராது.

வாய்க்குள் மஞ்சளாகப் பாலாடைக்கட்டி போல் படிந்து, நாற்றமடித்து, விழுங்கக் கஷ்டப்பட்டால் கேங்கர் என்ற ஒட்டுண்ணி நோய். புறாக்களுக்கு மிகச் சாதாரணமாக வருவது, சீக்கிரம் பார்த்தால் மருந்தில் குணமாகும். அந்தப் படிவைச் சுரண்டி எடுக்காதீர்கள், ரத்தம் பெருகும். கழுத்து முறுக்கிக்கொண்டு, தானியத்தைக் குறி பார்த்துக் கொத்த முடியாமல் தடுமாறினால் நரம்பைத் தாக்கும் வைரஸ் நோயாக இருக்கலாம். மற்றப் புறாக்களிடமிருந்து அந்த நிமிடமே பிரியுங்கள். அலகோரத்திலும் கண்ணைச் சுற்றியும் காலிலும் மரு போலக் கொப்புளம் வந்தால் அம்மை. அதைப் பரப்புவது முக்கியமாகக் கொசு, அதனால் கூண்டுக்கு வலை போடுவது நல்லது.

பூனை வாய் வைத்தால், காயம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், அன்றைக்கே ஆன்டிபயாடிக் தேவைப்படும். பூனையின் வாயில் உள்ள கிருமி அவ்வளவு வேகமாகப் பரவும்.

ஏழாம் படி: மருத்துவரிடம் போகும் வரை

ஒரு அட்டைப்பெட்டியில் துணி விரித்து, காற்றுத் துளை போட்டு, புறாவை அதில் வையுங்கள். பெட்டியின் ஒரு பக்கத்தை மட்டும் சுமார் 30 டிகிரி இருக்கும்படி சூடாக்குங்கள். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்தாலே போதும். மறுபக்கம் சாதாரணமாக இருக்கட்டும். வேண்டியபோது அதுவே நகர்ந்துகொள்ளும். சூட்டால் மூச்சு வாங்கும் பறவைக்கும் தலையில் அடிபட்ட பறவைக்கும் இந்தச் சூடு கொடுக்கக் கூடாது. இருட்டும் அமைதியும் முக்கியம். அடிக்கடி திறந்து பார்க்க வேண்டாம்.

வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழல் திறந்திருப்பதால் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். மற்றப் பறவைகள் பலவற்றைப் போலத் தலையை நிமிர்த்தி விழுங்காமல், புறா அலகைத் தண்ணீரில் அமிழ்த்தி உறிஞ்சிக் குடிக்கும். அதனால் கொஞ்சம் ஆழமான கிண்ணத்தைக் காட்டி, மூக்குத் துளை நனையாமல் அலகு நுனியை மெல்லத் தொட வைத்தால் தெம்பிருக்கும் புறா தானே குடிக்கும். குடிக்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம். மனிதருக்கான மருந்து, போன தடவை மிஞ்சிய மருந்து எதையும் கொடுக்காதீர்கள்.

பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் உங்களுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று புறா நலமாக இருக்கும்போதே விசாரித்து, எண்ணைப் பதிந்து வையுங்கள். போகும்போது எடைக் குறிப்பு, எச்சம் விழுந்த தாள், மூச்சு விடும் வீடியோ மூன்றையும் கொண்டுபோங்கள். மருத்துவர் மேசையில் வைத்ததும் புறா நிமிர்ந்து நின்று நலமாக நடிக்கும்; அப்போது இந்த மூன்றும்தான் உண்மையைச் சொல்லும்.

புதிதாக இன்னொரு புறா வாங்கினால் 30 நாள் வேறு அறையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள். முதலில் பழைய புறாவுக்குத் தீனி வைத்துவிட்டு, கடைசியாகப் புதியதைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் கை கழுவுங்கள். கூண்டு சுத்தம் செய்யும்போது முகக்கவசம் போட்டுக்கொண்டு, எச்சத்தை நனைத்த பிறகு துடையுங்கள். காய்ந்த எச்சத் தூளால் சில நோய்கள் மனிதருக்கும் தொற்றும். இறகுத் தூளை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவர்களில் சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமையும் வருவதுண்டு. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அவர் தூங்கும் அறையில் கூண்டு வேண்டாம்.